பாதி வோல்ட்டில் முழு நம்பிக்கையா?
கணினிச் சில்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் மின்செலவு கால்பங்காகும், வேறு பாதகமில்லை என்கிறது சில்லுகளின் மின்சிக்கனம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதிதான் சரி. 1.2 வோல்ட்டிலிருந்து 0.6-க்கு இறக்கினால் சில்லுக்குள் இருக்கும் நுண்சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், அதுவும் ஒன்றுபோல் அல்ல. சில்லின் ஒவ்வொரு அடியையும் நடத்தும் கடிகாரத் துடிப்பின் வேகத்தையும் குறைக்காவிட்டால் விடை வந்து சேருமுன்பே தவறான பிட் பதிவாகிவிடும். தாமதமாக வரும் விடையை நிழல் பதிவகத்தால் (அதே விடையைச் சற்றுத் தாமதித்துப் பதியும் இரண்டாவது சேமிப்பிடம்) பிடித்துத் திருத்தும் ‘ரேஸர்’ முறை 2003-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததே, அதற்கு ஒரு வரிகூட இல்லையா? மின்னழுத்தம் குறைந்தால் தவறு வரும் என்பது நானே பட்டறிந்தது. கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு வளவில், மழைநீர்த் தொட்டிக்குப் பொத்தான் பேட்டரியில் ஓடும் நீர்மட்டக் கருவி செய்து வைத்தேன். தகவல் அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, நிரம்பி வழிந்த தொட்டியைக் காலி என்றது (ஆச்சிக்கு ஒரே சிரிப்பு). மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கருவியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லில் நானே அணைத்து வைத்திருந்த தாழ்மின்னழுத்தக் கண்காணிப்பை (மின்னழுத்தம் சரிந்தால் சில்லை நிறுத்திவைக்கும் காவல்) மீண்டும் இயக்கி, பேட்டரிக்கு இணையாக சிறிது மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் ஒரு கெபாசிட்டரும் வைத்தபின் அந்தத் தொல்லை வரவில்லை.