பட்டையை மிகவும் இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும்

சிபேப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு முகக்கவசம் வழியே அழுத்தத்தோடு காற்று செலுத்தும் மெஷின். அதற்கான குறிப்புகளில் "முகக்கவசத்தில் காற்று கசிந்தால் பட்டைகளை நன்றாக இறுக்குங்கள்" என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். கவச விளிம்பிலுள்ள பெரும்பாலான சிலிகான் குஷன்களில் முகத்தில் படும் அடுக்கு மெல்லியது. அது காற்றழுத்தத்தில் உப்பித் தோலோடு ஒட்டுவதால்தான் கசிவு அடைபடுகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த அடுக்கு நசுங்கி மடியும், கண்ணோரம் காற்று பீறிடும், மூக்குத்தண்டு புண்ணாகும்.

படுத்துக்கொண்டு, சிபேப் மெஷினை ஓடவிட்டுத்தான் பொருத்த வேண்டும். உட்கார்ந்து பொருத்தினால் படுத்ததும் கன்னத்தசை சரிந்து எல்லாம் மாறிவிடும். பட்டைகளைத் தளர்த்தி, கவசத்தை முகத்திலிருந்து லேசாக முன்னே இழுத்து, குஷன் உப்பியதும் மெதுவாக வையுங்கள். பிறகு கீழ்ப்பட்டையையும் மேற்பட்டையையும் இருபுறமும் சமமாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள். முன்பக்கச் சிறு துளைகளில் வரும் காற்று கசிவல்ல. கரியமில வாயு வெளியேறும் வழி அது, அடைக்கவே கூடாது.

நன்றாக இருந்த கவசம் திடீரென்று கசிந்தால் முதலில் குஷனைக் கழுவிப் பாருங்கள். தோலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் வழுக்கும். தினமும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

மூக்கை மட்டும் மூடும் கவசம் போடுபவருக்குக் காலையில் வாய் வறண்டால், பெரும்பாலும் வாய்வழியே காற்று போகிறது. மூக்கடைப்பைக் கவனித்த பிறகே மூக்கையும் வாயையும் மூடும் முழுமுகக் கவசத்துக்கு மாறலாம்.

ரேம்ப் (குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்லக் கூட்டும் வசதி) 4 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கும்போது மூச்சு முட்டுகிறதா? இன்னும் குறைக்க வேண்டும் என்று தோன்றலாம். உண்மையில் பெரும்பாலும் அங்கே காற்றுதான் போதவில்லை, தொடக்க அழுத்தத்தைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.