ஏற்கெனவே படிச்சதுதானே?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் என் டைம்லைன் முழுக்கப் பட்டியல்தான். "இந்த வருஷம் 60 புத்தகம்." "83 முடிச்சாச்சு, 2 பாதியில நிக்குது." அவர்களைக் குறை சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வருஷம் நான் படித்தது பதினொன்று. அதில் ஏழு ஏற்கெனவே படித்தவை. ஒன்று ஐந்தாவது தடவை.

வீட்டிலும் இதற்கு மரியாதை இல்லை. டெல்லி மயூர் விஹாரில் மொட்டை மாடிக்குப் போய், குளிர்கால வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருப்பேன். துணி உலர்த்த வரும் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்பாள்: "ஏற்கெனவே படிச்சதுதானே? இன்னும் என்ன இருக்கு அதுல?"

என் பாட்டியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுந்தர காண்டத்தை எத்தனை தடவை பாராயணம் பண்ணியிருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அனுமன் கடலைத் தாண்டுவானா மாட்டானா என்று தெரியாமலா படித்தாள்? திருவையாற்றில் வருஷா வருஷம் அதே ஐந்து கிருதிகளைத்தான் கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள். "போன வருஷமே கேட்டாச்சே" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறவர் உண்டா? நேற்று வைத்த அதே ரசத்தை இன்றைக்கும் ஊற்றிக்கொள்கிறோம். நாவலுக்கு மட்டும் என்ன பாவமோ, ஒரு தடவை படித்துவிட்டால் தீர்ந்த டப்பா ஆகிவிடுகிறது.

"நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு." பள்ளிக்கூடத்தில் இதை நட்புக் குறளாக மனப்பாடம் செய்தோம், இரண்டு மார்க் வாங்கினோம். இப்போது எனக்கு அதன் உவமைதான் பிடித்திருக்கிறது. தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவோம்? நல்லவர்களின் நட்பு பழகப் பழக எப்படி இருக்கும் என்று சொல்ல வள்ளுவருக்கு அகப்பட்ட தெரிந்த விஷயம், படிக்கப் படிக்க நூல் தரும் சுகம். அந்தக் காலத்தில் மறுபடி படிப்பதற்கு யாரும் மொட்டை மாடியில் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது.

என் கட்சி இதுதான். முதல் தடவை நாம் படிப்பதில்லை, ஓடுகிறோம். அடுத்து என்ன, அவன் செத்தானா, அவள் வந்தாளா என்று ஓரத்தில் நிற்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம். முடிவு தெரிந்தபின்தான் மூச்சு வாங்கி நின்று அவர்கள் முகத்தைப் பார்க்க முடிகிறது.

'பொன்னியின் செல்வன்' ஒன்று போதும். பள்ளி நாட்களில் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே போனேன். தஞ்சைக் கோட்டைக்கு வெளியே பேச முடியாத அம்மாவோடு குடியிருந்து, கோயிலுக்குப் பூத்தொண்டு செய்துகொண்டு, தேவாரம் பாடிக்கொண்டிருந்த சேந்தன் அமுதனை ஒரு சத்திரத்துக்காரனைப் போலத்தான் நினைத்திருந்தேன். கடைசியில் அரியணை யாருக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். (எழுபது வருஷம் தாண்டிய கதைக்கு ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள்.) அது தெரிந்தபின் முதல் பாகத்தை எடுத்துப் பாருங்கள். நம்ம வந்தியத்தேவன் வருங்கால ராஜா வீட்டில் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் தூங்குகிறான். முதல் தடவை இந்த வேடிக்கை எனக்குக் கிடைக்கவே இல்லை.

தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-இல் மகிளா ஹாட் வளாகத்துக்குள் போவதற்கு முன்பு, நடைபாதையிலேயே விரித்திருந்த காலம். இன்ஜினியரிங் கைடுகளுக்கு அடியில் ஒரு பைண்டு கிடந்தது. பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த பொன்னியின் செல்வன், ஐந்தாம் பாகம் மட்டும். கடைக்காரருக்கு அது என்ன மொழி என்றே தெரியாது, ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே கையெழுத்தில் நான்கு தேதிகள். முதலாவது நீல மையில், நிமிர்ந்த எழுத்து. நான்காவது பால்பாயின்ட், கோடு நடுங்குகிறது. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம். கரோல் பாகோ, லோதி காலனி குவார்ட்டர்ஸோ, ஏதோ ஒரு தமிழ் வீட்டைக் காலி பண்ணும்போது எடைக்குப் போட்டிருப்பார்கள். மற்ற நான்கு பாகங்களை அந்தத் தெரு முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஊர் மாறினாலும் புத்தகம் மாறும். ஆதவனின் 'காகித மலர்கள்' டெல்லித் தமிழர்களின் கதை. திருச்சியில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது முதலில் படித்தேன். எனக்கு அப்போது டெல்லி என்றால் குடியரசு தின அணிவகுப்பும் குதுப் மினாரும்தான். அதனால் கதையில் வரும் தெருவையெல்லாம் தில்லை நகர்த் தெருவாகவே மனசுக்குள் போட்டுக்கொண்டேன். 1994-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பத்து வருஷம் பஸ்ஸில் தொங்கி, செக்ஷன் ஆபீசர்களின் மூட் பார்த்து லீவு லெட்டர் நீட்டப் பழகிய பிறகு, ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் அதே நாவலை மறுபடி எடுத்தேன். அந்த அதிகாரி வீட்டு வரவேற்பறை எனக்குத் தெரிந்த அறையாக இருந்தது. அந்த சோபாவின் நுனியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், கையில் ஸ்வீட் பாக்ஸோடு.

எல்லாப் புத்தகமும் இப்படித் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் என்னை அழவைத்த ஒரு நாவலைப் போன மழைக்காலத்தில் எடுத்தேன். நாற்பது பக்கத்துக்குள் மூடிவிட்டேன். பேர் வேண்டாம், அந்தப் பதினெட்டு வயதுக்காரனுக்கு அது கஷ்டமாக இருக்கும்.

சரி, அந்த ஐந்தாவது தடவைக்கு வருகிறேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. வானொலி வேலையாக இந்த டெல்லியிலேயே பல வருஷம் இருந்தவர், ஆனால் இந்த நாவல் அதற்கும் முந்தையது, முழுக்கக் கும்பகோணத்துத் தண்ணீர். பாபு என்ற இளைஞன் தன்னைவிட மூத்த யமுனாமேல் கொள்ளும் மோகம்தான் கதை. இருபத்திரண்டு வயதில் எனக்கு யமுனா, யமுனா, யமுனாதான். பாபு தவிக்கும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "உண்மை!" என்று எழுதி, ஆச்சரியக்குறியை இரண்டு தடவை அழுத்தியிருந்தேன். நாற்பதில் பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா. சங்கீதத்தைத் தவிர வேறு எதையும் பொருட்படுத்தாத அந்தக் கிழவர் வரும் பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். பாபு எப்போது வெளியே போவான், இவரோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம் என்று இருந்தது.

அந்தப் பிரதி இப்போது என்னிடம் இல்லை. "ஒரே வாரத்துல தந்துடறேன் சார்" என்று வாங்கிப்போன நண்பர் மாற்றலாகியே போய்விட்டார். புத்தகம் போனதைவிட அந்த "உண்மை!"யை யாரோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்களே என்பதுதான் எனக்கு உறுத்தல். புதுப் பதிப்பு வாங்கினேன். தாள் நன்றாக இருக்கிறது, எழுத்தும் பெரிது. ஆனால் ஒரு காட்சியைத் தேடினால் அகப்படுவதில்லை. பழைய புத்தகத்தில் அது இடப்பக்கத்தின் அடியில், ஒரு காப்பிக் கறைக்கு மேலே இருந்தது. கண் இன்னமும் இடப்பக்கத்தின் அடியிலேயே தேடுகிறது. காட்சியோ வலப்பக்கத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பீரோவை நகர்த்தி வைத்த மறுநாள் இருட்டில் முழங்கால் இடித்துக்கொள்வது மாதிரி.

இந்தத் தடவை நான் தனியாகப் படிக்கவில்லை. மகளுக்குப் பத்தொன்பது வயது. டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அப்படி என்னதான் இருக்கு, எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். போன குளிரில் ஆரம்பித்தோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ரஜாயைப் போர்த்திக்கொண்டு, ஞாயிறு ராத்திரி தோறும் பத்து, பதினைந்து பக்கம்.

வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரிந்தது, ஜானகிராமன் மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று. என்னை அறியாமல் எனக்குத் தஞ்சாவூர்க் குரல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவரின் இளம் மனைவி தங்கம்மா, ராத்திரி பாபுவைத் தேடி வரும் இடத்தில் ஒரு இருமல் இருமி இரண்டு பத்தியைத் தாண்டினேன். "அப்பா, ஏதோ விட்டுட்டீங்க" என்றாள். பின்னால் போய்ப் படித்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தங்கம்மா தன்னை முடித்துக்கொள்ளும் இடம் வந்தது. படித்துவிட்டு, பழக்க தோஷம், அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "இருங்க" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "நீங்க இந்தக் கதையைச் சொல்றப்பல்லாம் யமுனா, ரங்கண்ணான்னுதானே சொல்லுவீங்க? இந்தப் பொண்ணைப் பத்தி ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே?"

நான்கு தடவை படித்திருக்கிறேன். ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றி மேலே அவ்வளவு நீளமாக எழுதியவனும் நான்தான். இத்தனை வருஷமாக அவளைப் பாபுவுக்கு வந்த ஒரு சங்கடமாகவே படித்துக் கடந்திருக்கிறேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பால் சூடு பண்ணப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இந்தக் குளிரில் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம், பாபு சென்னைக்குப் போய்விட்டான். நேற்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "யமுனா என்ன ஆனாங்கறதை மட்டும் சொல்லிடாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்." முடிவு தெரிந்து படிப்பதுதான் சுகம் என்று இவ்வளவு பேசிய நான், வாயை இறுக்க மூடிக்கொண்டு பக்கத்தைத் திருப்புகிறேன்.