பிரசங்கத்துக்குன்னு இல்லாம ஒரு சங்கீதம்

எங்க அப்பா 31 வருஷம் சேகர குருவா, அதாவது பல சபைகள சேர்த்து கவனிக்கிற போதகரா இருந்தாங்க. நான் காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி 11 மணி இருக்கும், பைபிளும் பிரசங்க நோட்டும் விரிச்சபடி இருக்கு, பேனா மூடி கூட கழட்டல, அப்பா சும்மா உக்காந்திருக்காங்க. சாப்பிடலையாப்பான்னேன். "எனக்காக நான் வேதம் வாசிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு யோசிக்கிறேன்மா, ஞாபகமே வரல"ன்னாங்க. தினமும் பைபிள திறக்கிற மனுஷன்! ஆனா எல்லாமே அடுத்த பிரசங்கத்துக்கு.

எங்க சேகரத்துல ஏழு சபை. குருவுக்கு உதவியா இருக்கிற உபதேசியார் ஆராதனை நடத்திடுவார், ஆனா திருவிருந்து (அப்பமும் ரசமும்) குடுக்க ஐயர்தான் போகணும், குருவ நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். காலைல ஒரு வீட்டுப் பிரதிஷ்டை, சாயங்காலம் ஒரு அடக்க ஆராதனை, நடுவுல கமிட்டி சண்டை, சபை எலெக்ஷன் வந்துட்டா ரெண்டு கட்சியும் ஐயர் குடியிருக்கிற குருமனைக்கு வந்து நீங்க யார் பக்கம்னு கேப்பாங்க, டிசம்பர்ல வீடு வீடா பாடிப் போற கேரல் ரவுண்டு முடிஞ்சு விடியக்காலம் மூணு மணிக்கு வந்து படுத்தா ஆறு மணிக்கு போன்.

ஓயாத வேலையால ஆளே சோர்ந்து போறத பர்ன்அவுட்னு சொன்னா "ஊழியக்காரருக்கு என்ன டென்ஷன், ஜெபம் பண்ணா சரியாயிடும்"னு சொல்றவங்க நம்ம சபையில நிறைய. 2019ல உலக சுகாதார நிறுவனம் இதுக்கு மூணு அடையாளம் சொல்லுச்சு, சக்தியெல்லாம் வடிஞ்சு போறது, வேலை மேல மனசு விட்டுப் போறது, நம்மால ஒண்ணும் ஆகலன்னு தோணுறது. ஊழியத்துல ரெண்டாவதுதான் எனக்கு பயமா இருக்கு. கல்லறைல ஜெபம் வாய்ல தானா வரும், மனசு அங்க இருக்காது. சபைக்கு அது தெரியாது, ஐயருக்கு மட்டும் தெரியும்.

பைபிள்ல 1 இராஜாக்கள் 19ம் அதிகாரம் எடுத்து வாசிங்க. சூரைச்செடிக்கு கீழ படுத்து என் உயிர எடுத்துக்கோங்கன்னு கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் உபதேசம் பண்ணல. தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து தூங்க விட்டான், மறுபடி எழுப்பி சாப்பிட வச்சான். ஓரேப் மலைல கர்த்தர் பேசுனதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கத்தோலிக்க சாமியார்கள் வருஷா வருஷம் தியானத்துக்கு போவாங்க, பங்கு சாமியாருக்கு வருஷத்துக்கு ஒரு மாசம் வரைக்கும் லீவு எடுக்கலாம்னு அவங்க 1983 திருச்சபை சட்டத்துலயே இருக்கு, தியான நாள் அந்தக் கணக்குல சேராது. நம்ம பக்கமும் இது தெரியாத விஷயம் இல்ல. திருப்பத்தூர்ல ஜேசுதாசன், பேட்டன்னு ரெண்டு டாக்டர்கள் 1921லயே கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்சாங்க, ஜெபமும் வைத்தியமும் ஒரே வளாகத்துல. இன்னிக்கு நம்ம ஐயர்மார் தியானத்துக்குன்னு கூடுற ரிட்ரீட்ல பாதி நேரம் நிர்வாகப் பேச்சுலயே போயிடுதுன்னு அப்பா வருத்தப்படுவாங்க.

அப்பாவ காப்பாத்துனது ஒரு வயசான ரிட்டயர்டு ஐயர். திங்கக்கிழமை தோறும் அப்பா பஸ் ஏறி அவர் வீட்டுக்கு போவாங்க. பைபிள்ல சங்கீத புஸ்தகத்துல இருந்து ஒரு சங்கீதம் ரெண்டு பேரும் மாறி மாறி வாசிப்பாங்க, நோட்டு கூடாதுன்னு அவர் கண்டிஷன். மனசுல இருக்கிறத அப்பா கொட்டுவாங்க, அப்புறம் பெரியவர் அப்பா தலைல கை வச்சு ஜெபிப்பார். ஒரு தடவ நானும் கூட போயிருந்தேன். ஊர்ல எல்லார் தலையிலயும் கை வைக்கிற எங்க அப்பா முட்டி போட்டு குனிஞ்சு இருந்தத அன்னிக்குத்தான் முதல் தடவையா பாத்தேன், தோள் குலுங்கிச்சு.

திங்கக்கிழமை ஐயர் ஊர்ல இருக்கிறதில்லன்னு கமிட்டில ஒருத்தர் புகார் பண்ணாரு. இன்னிக்கும் எனக்கு அது வலிக்குது.

கமிட்டில இருக்கிறவங்க கிட்ட கேக்குறேன், ஐயருக்கு வாரத்துல ஒரு நாள் லீவுன்னு தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதுங்க. சாவு, ஆஸ்பத்திரின்னா கூப்பிடுங்க, வருவாங்க. பர்த்டே ஜெபத்துக்கு அன்னிக்கு உபதேசியார் வந்தா போதும்.