அலுமினியத்துக்கும் செய்கூலி உண்டு

ஹெட்போனுக்கு உலோகத்தில் பாகம் செய்விக்க வருகிற ஆக்களில் அரைவாசிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, இதில அலுமினியம் எத்தினை கிராம் வரும்?" என்பதுதான். கிராம் கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு பிளேன்ரீக் காசுதான் வரும். அதே ஆள் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் சங்கிலி எடுக்கும்போது, பவுன் விலைக்கு மேல் கூலி, சேதாரம் என்று எழுதித் தருகிற துண்டை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போவார். பத்தருக்குக் கூலி உண்டு, லேத்காரனுக்கு இல்லை. இது என்ன நியாயமோ தெரியாது.

என்னுடைய பங்கு அளவெடுப்பதும் கணினியில் வரைவதும். வெட்டுவது பட்டறைக்கார அண்ணை ஒருவர். அதனால் இரண்டு பக்கத்துப் புறுபுறுப்பும் என் காதில்தான் விழும்.

பெரும்பாலும் வருவது கவை வேலை. தலைப்பட்டியில் இருந்து இறங்கி வந்து காதுக் கிண்ணத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்குமே, அதுதான். ஸ்குரூ போகிற இடத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு வரும், பிறகு ஒருநாள் கழற்றும்போது டக்கென்று கையோடு வரும். "இதை அப்பிடியே அலுமினியத்தில வெட்டித் தாங்கோ" என்பார்கள். அந்த "அப்பிடியே" என்பதில்தான் முழுச் சிக்கலும்.

பிளாஸ்டிக் சாமான் அச்சில் வார்ப்பது. அச்சை விட்டுக் கழன்று வரவேண்டும் என்பதற்காக அதன் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருக்கும். உலோகத்துக்கு அது தேவையே இல்லை, அதையும் பார்த்து வெட்டினால் மெசின் நேரம்தான் வீணாகும். அடுத்தது, பிளாஸ்டிக் கவையைக் கையால் கொஞ்சம் அகட்டிக் கிண்ணத்தின் முளையை உள்ளே தள்ளிவிடலாம், அது திரும்பிப் பழைய இடத்துக்கு வரும். அலுமினியத்தை அகட்டினால் அகட்டின மாதிரியே நிற்கும். ஆகவே முளையை வேறாகச் செய்து ஸ்குரூவால் பூட்ட வேண்டும். 2 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 1.6 மில்லிமீற்றர் துளை போட்டு, அதற்குள் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டுகிற கருவியான ராப் ஊசி போல இருக்கும். வேலை எல்லாம் முடிந்து கடைசி மரையில் அது உள்ளே முறிந்தால், முறிந்த துண்டை எடுக்க மினக்கெடுவதை விடப் புதிசாக வெட்டுவது லேசு. இதுதான் எங்கள் சேதாரம். வலது கவையும் இடது கவையும் ஒன்றாகவே இருக்கும் என்றும் இல்லை, சில மொடல்களில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி இன்னொன்று வெட்ட வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரருக்கு நான் சொல்வது, விலையை ஒற்றைத் தொகையாகச் சொல்லாமல் இரண்டு வரியாக எழுதிக் கொடுங்கள். வரைபும் மெசின் ஒழுங்குபடுத்தலும் ஒரு வரி, வெட்டுகிற சோடிக்கு ஒரு வரி. உதாரணத்துக்கு முதலாவது 20,000, இரண்டாவது 5,000 என்று வைப்போம். முதல் ஆளிடம் 25,000 கேட்டால் வந்த வழியே போய்விடுவார். ஐந்து பேர் வருவினம் என்று நம்பி, முதல் வரியை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 9,000 சொல்லி, ஒருவரோடு நின்றுவிட்டால் 16,000 பட்டறையின் தலையில். இங்கே எடிற்றிங் செய்கிற, ஒலிப்பதிவு செய்கிற பெடியள் பலரிடம் இருக்கிற மொடல் என்றால் பங்கு பிரிக்கலாம், நானும் அதற்குச் சம்மதம். வெளிநாட்டில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த, ஊரில் வேறு ஒருவரிடமும் இல்லாத மொடல் என்றால் முழுதும் அவர்தான் தரவேண்டும். ஆனால் தந்தால் அந்த வரைபடமும் அவருடையது. இதில் பட்டறை அண்ணைக்கும் எனக்கும் ஒத்துவராது, வரைபை ஏன் குடுக்கிறாய் என்று ஏசுவார். காசு முழுதாக வாங்கிவிட்டு அதையும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாரத்தைப் பார்த்து விலை மதிக்கிற பழக்கமும் ஒன்று இருக்கிறது. "பித்தளையில அடிச்சா கெத்தா இருக்கும், கூடக் காசு தாறன்" என்பார்கள். 5 கன சென்ரிமீற்றர் அளவான கவை அலுமினியத்தில் 13.5 கிராம், பித்தளையில் 42 கிராமுக்கு மேல். 250 கிராம் ஹெட்போனில் இரண்டு பக்கமும் பித்தளை ஏறினால் உச்சந்தலைதான் பதில் சொல்லும். அதோடு, கவை உடையாது என்றால் அதற்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் உடையும். இதைச் சொல்லாமல் காசு வாங்கக்கூடாது.

உலோகம் என்றால் விலை ஏறும் என்பது கொம்பனிக்காரருக்கும் தெரிந்ததுதான். சென்ஹைசர் 1988இல் விட்ட எச்டி 25க்கு 25 வருடம் ஆனபோது அலுமினியக் கிண்ணம் போட்டு ஒரு பதிப்பு விட்டார்கள், வழமையான பிளாஸ்டிக்கை விடக் கூடின விலைக்கு. அந்த எச்டி 25க்கும் பேயர்டைனமிக்கின் டிரி 770க்கும் உதிரிப்பாகம் தனித்தனியாக வாங்கலாம். அப்படிக் கிடைக்கிற சாமானுக்கு என்னிடம் வராதீர்கள், அதை எடுப்பித்துப் பூட்டுவதுதான் மலிவு. ஏழெட்டாயிரம் ரூபா ஹெட்போனுக்கும் வேண்டாம், நான் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

பட்டறைக்காரருக்கு இன்னொன்று, சொன்ன விலை எத்தினை நாளைக்குச் செல்லும் என்று ஒரு தவணை போடுங்கள். 2022இல் டொலர் 200 சொச்சத்தில் இருந்து சில கிழமைக்குள் 350ஐத் தாண்டினதை மறந்திருக்க மாட்டீர்கள். வெட்டுகிற கட்டர், அலுமினியக் கட்டை எல்லாம் வெளியில் இருந்து வருவது. போன வருடம் சொன்ன விலையைக் கொண்டுவந்து நீட்டினால் நான் என்ன செய்ய?

கடைசியாக, உடைந்த துண்டை மட்டும் வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பி "எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். ஹெட்போனை முழுதாகக் கொண்டு வாங்கோ, உடையாத பக்கத்தையும் சேர்த்து. அளவு அதில்தான் எடுக்கலாம். முக்கியமாக, சுப்பர் குளூ போட்டு ஒட்டிப் பார்க்காமல் கொண்டு வாங்கோ.