பொஸோர்: ஒரே சொல், ஓரிடத்தில் அவமானம், ஓரிடத்தில் நாடக அரங்கு

ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் முதல்முறை பிராக் நகருக்குப் போனால், "பொஸோர்" என்று எழுதிய பலகை ஒன்றைப் படம் எடுத்துப் போடாமல் இருப்பது அபூர்வம். செக் மொழியில் அதற்கு 'கவனம்' என்று பொருள். வாசலில் நாய் இருந்தாலும் பொஸோர், ரயில் கடக்கும் இடத்திலும் பொஸோர். ரஷ்யனில் அதே சொல்லுக்கு மானக்கேடு என்று பொருள். உடனே சிரிப்பு. "நம்ம சொல்லை எப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க பாருங்க" என்று கூடவே ஒரு வரி.

அந்த வரிதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யார் கெடுத்தது என்று கேட்பதே தப்பு. கேட்டே தீர வேண்டுமென்றால், பழைய பொருளை விட்டு அதிகம் விலகியது ரஷ்யன்தான்.

ரஷ்யனும் செக்கும் ஒரே ஸ்லாவியக் குடும்பத்து மொழிகள், இந்தச் சொல் இரண்டுக்கும் பொது. இதன் வேருக்குப் 'பார்ப்பது' என்று பொருள். ரஷ்யனில் பார்வைக்கு ஸ்ரேனியே, பார்வையாளருக்கு ஸ்ரீத்தெல், எல்லாம் அதே வேர். பொஸோர் என்றால் முதலில் காட்சி, அவ்வளவுதான். ஸ்லாவியத் திருச்சபைகளின் பழைய வழிபாட்டு மொழியான சர்ச் ஸ்லாவோனிக்கில் உள்ள விவிலியத்தில் லூக்கா 23:48 பாருங்கள். இயேசு சிலுவையில் இறந்ததைக் கண்ட மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். அவர்கள் பார்க்கக் கூடிய அந்தக் காட்சிக்கு அங்கே உள்ள சொல் பொஸோர். 1876-இல் முழுதாக வெளிவந்த ரஷ்ய சினோடல் மொழிபெயர்ப்பில், அதாவது ரஷ்யத் திருச்சபையின் விவிலிய மொழிபெயர்ப்பில், அதே இடத்தில் ஸ்ரேலிஷ்சே என்று வருகிறது (அதுவும் இதே வேர்தான்). பழைய சொல்லையே விட்டிருந்தால் ரஷ்ய வாசகருக்கு 'அவமானம்' என்றுதான் பட்டிருக்கும்.

காட்சி எப்படி அவமானம் ஆனது? ஒருவரை ஊர் நடுவில் நிறுத்தி எல்லோரும் பார்க்க வைப்பதே ஒரு தண்டனையாக இருந்தது. அதற்கான கம்பத்துக்கு ரஷ்யனில் பொஸோர்னி ஸ்தோல்ப் என்று பெயர். 1864-இல் பீட்டர்ஸ்பர்க்கில் எழுத்தாளர் செர்னிஷெவ்ஸ்கியை அப்படித்தான் நிறுத்தினார்கள். நெஞ்சில் 'அரசுக் குற்றவாளி' என்ற பலகை. தலைக்கு மேலே வாளை உடைத்தார்கள். கூட்டத்திலிருந்து அவரை நோக்கிப் பூ வந்து விழுந்தது.

செர்பியர்கள் அதே காட்சியை மேடைக்குக் கொண்டுபோனார்கள். பெல்கிரேடில் தேசிய நாடக அரங்கின் பெயரே நாரோத்னோ பொஸோரிஷ்தே. தியேட்டர் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கத் தியேட்ரானும் பார்க்கும் இடம்தானே! போலந்தில் பொஸூர் என்றால் வெளித்தோற்றம், பெரும்பாலும் ஏமாற்றும் தோற்றம். செக் மொழிக்காரர்களோ 'பார்த்துப் போ' என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள். இதில் எது கெட்டுப்போனது?

பாடப்புத்தகங்கள், இப்படி இரு மொழிகளில் ஒன்றுபோல் இருந்து பொருள் வேறுபடும் சொற்களை, 'பொய் நண்பர்கள்' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்தப் பெயரும் எனக்கு உறுத்துகிறது. எந்தச் சொல்லும் இங்கே பொய் சொல்லவில்லை.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 1863-இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். உக்ரைன் மொழி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது, அது போலந்தின் தாக்கத்தால் கெட்டுப்போன ரஷ்யன்தான் என்ற வாதம் அதில் இருக்கிறது. அந்த மொழியில் சமய நூல்களும் பள்ளி நூல்களும் அச்சாவது அதனால் நின்றது. 'கெட்டுப்போன' என்ற அதே பேச்சு!

அந்த 'கெட்டுப்போன' மொழியில் நெதீல்யா என்றால் ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யாத நாள். போலிஷ், செக், பல்கேரியன் எல்லாவற்றிலும் அப்படித்தான். ரஷ்யனிலோ நெதேல்யா 'வாரம்' ஆகிவிட்டது. ஞாயிறுக்கு 'உயிர்த்தெழுதல்' என்று பொருள்படும் வேறு சொல் வந்தது. ஆனால் திங்கட்கிழமைக்கு ரஷ்யனில் இன்றும் பொனெதேல்னிக், அதாவது நெதேல்யாவுக்கு அடுத்த நாள். 'வாரத்துக்கு அடுத்த நாள்' என்று வைத்துப் பாருங்கள், பொருளே வராது. உக்ரைன்காரர்கள் சொல்லும் நெதீல்யாவை வைத்தால்தான் வரும்.