ஒத்துப் பிடித்துக் கற்ற வித்தை

நாகஸ்வரத்தோடு என் வாழ்க்கை 40 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல், வாசிப்பதோடு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். இந்த வாத்தியத்தை வகுப்பறையில் தொடங்கி வைக்கலாம். அங்கேயே கற்று முடித்துவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

குருநாதர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பத்து வயது. முதல் இரண்டு ஆண்டுகள் காலையில் வாய்ப்பாட்டு, மாலையில் கோயிலில் ஒத்துப் பிடிப்பது, இவ்வளவுதான் என் படிப்பு. சுருதி மட்டும் விடாமல் ஒலிக்கும் ஒத்து பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் துளைகள் கிடையாது. கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, அடிப்படைச் சுரமான ஆதார சட்ஜம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு மூச்சும் சுருதியும் அமைந்தது அங்கேதான். அதைவிடப் பெரிய பயன், குருநாதருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஒரு ராகப் பிடி வருவதற்கு முன் அவருடைய உதடு, வாயில் வைத்து ஊதும் சீவாளியில் எப்படி இறுகுகிறது, எந்த இடத்தில் நாக்கால் தட்டித் துத்துகாரம் கொடுக்கிறார், எந்த இடத்தில் மூச்சாலேயே கமகத்தை அசைக்கிறார் என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தது.

நாகஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழுதான். மற்ற சுரஸ்தானங்களை விரலைப் பாதி மூடியும், மூச்சை ஏற்றி இறக்கியும், உதட்டை இறுக்கித் தளர்த்தியும்தான் எடுக்க வேண்டும். கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளியோ பனி விழும் விடியற்காலையில் ஒரு விதமாகவும், உச்சி வெயிலில் வேறு விதமாகவும் பேசும். மாற்றுச் சீவாளிகளையும் ஊசியையும் வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பது அதனால்தான். வாசிப்பின் நடுவே எந்தச் சீவாளியை எப்போது மாற்றுவது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

வீதியும் இதற்கு ஓர் ஆசிரியர். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி தொடங்கும்போது, பாடுவதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், இல்லை. தவிலோடு கணக்குப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பிறகு வீதி முனையில் சுவாமி நிற்கும்போது ராகம் விரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அப்படி இரவு நேர வீதிகளில் விரிந்த இசை. உச்சச் சுருதியில் ஒலிக்கும் திமிரியை விட்டு, அவர் நீண்ட பாரி நாகஸ்வரத்துக்கு மாற வழி செய்தவர் நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் அந்த ஆச்சா மரக் கருவியை நிதானமாக வாசித்துப் பழகும் இடம் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. கல்யாண மேடையில் ராகம் வாசிக்க நேரம் கிடைப்பதில்லை.

இரண்டு இயந்திரங்கள் மாணவனின் இடத்தை எடுத்துக்கொண்டன என்று நான் நினைக்கிறேன். ஒன்று சுருதிப் பெட்டி. அதை நானும் பயன்படுத்துகிறேன். அது பிசகாது, களைக்காது. ஆனால் அது வந்த பிறகு, ஒத்துப் பிடித்துக்கொண்டு வித்வான் பக்கத்தில் நிற்க ஒரு பையன் தேவையில்லை என்றாகிவிட்டது. மற்றொன்று பூசை நேரத்தில் பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேர்ந்து முழங்கும் மின்சார மேளம். நான் பல ஆண்டுகள் மாலைப் பூசைக்கு வாசித்த ஒரு கோயிலில் அதை வைத்த அன்று, என் சம்பளத்தைவிட, என்னோடு வந்து நின்ற மூன்று மாணவர்களின் அன்றாடச் சாதகப் பயிற்சி போனதுதான் என்னை வருத்தியது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரத்துக்கு மூன்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. பரம்பரையாக வராத வீட்டுப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் இதைக் கற்க வாசல் திறந்திருப்பது மிகவும் நல்லது. ஆந்திரத்திலிருந்து வந்து தஞ்சாவூர்ப் பாணியைக் கற்ற ஷேக் சின்ன மௌலானா சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதியானார் என்பதை நினைத்தால், இந்த வித்தை யாருக்கும் வசப்படும் என்று தெரியும். அந்தப் பயிற்சியின் கடைசி ஆண்டில், ஒவ்வொரு மாணவரையும் பக்கத்துக் கோயிலில் பணியில் இருக்கும் வித்வானோடு மாலைப் பூசைக்கும் உற்சவங்களுக்கும் அனுப்பி, அதற்கு ஒரு உதவித்தொகையும் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாகஸ்வரப் பணியிடம் காலியாக உள்ள கோயில்களில் முதலில் ஆளை நியமிக்க வேண்டும். வித்வான் இல்லாத இடத்துக்கு மாணவனை அனுப்பிப் பயனில்லை.

இப்போது என்னிடம் கற்கும் இரண்டு பெண்பிள்ளைகளை வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியறைப் பூசைக்கு அழைத்துப் போகிறேன். சுருதிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒருத்தி ஒத்துப் பிடிக்க, மற்றவள் பக்கத்தில் நின்று கேட்க, நான் நீலாம்பரி ராகம் வாசிக்கிறேன். அடுத்த வாரம் அவர்கள் இடம் மாறிக்கொள்வார்கள். மார்கழி முழுவதும் விடியற்காலையிலும் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் கற்றுக்கொடுக்கும் வித்வான்கள் விரும்பினால், தங்கள் பிள்ளைகளையும் எங்களோடு அனுப்பி வையுங்கள். என்னிடம் பழைய ஒத்து இரண்டு இருக்கின்றன.