எல்லாவற்றையும் 0.46-ஆல் பெருக்கிய கதை

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு எக்செல் ஃபைலைக் காட்டினார். கட்டடம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்க்க எடுத்தது: 1940-ல் கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் பதிவான நிலநடுக்கம். ஒரு வரிசையில் நேரம், பக்கத்து வரிசையில் நிலத்தின் முடுக்கம், 'ஜி' கணக்கில் (1 ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம்). "அண்ணே, இதுல உச்சம் 0.35 ஜி. நம்ம இந்திய நிலநடுக்க விதி ஐ.எஸ். 1893-படி (2016) சென்னை மூணாவது நிலநடுக்க மண்டலம், 0.16 தானே? அதனால எல்லாத்தையும் 0.46-ஆல பெருக்கிட்டேன்."

திட்ட மனசு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

உச்ச முடுக்கம் என்பது நிலம் ஒரே ஒரு கணம் எவ்வளவு வெட்டி இழுத்தது என்ற கணக்கு. அவ்வளவுதான். 1967-ல் கொய்னா அணையில் பதிவான உச்சம் 0.63 ஜி. சில நொடிகள் படபடவென்று உதறிவிட்டு ஓய்ந்தது. 1985-ல் மெக்சிகோ சிட்டியின் பழைய ஏரிப்படுகையில் பதிவானது வெறும் 0.17 ஜி. நிலநடுக்க மையமோ சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் அந்தக் களிமண் இரண்டு நொடிக்கு ஒரு ஆட்டம் என்று நிதானமாக, விடாமல் ஆடியது. அதே தாளத்தில் ஆடும் கட்டடத்துக்கு அது கிட்டத்தட்ட 1 ஜி. ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள்தான் அதிகம் அடிவாங்கின.

இப்போது தம்பியின் கணக்கைப் போடுங்கள். கொய்னாவைக் கால்வாசியாக்கு, மெக்சிகோவை அப்படியே விடு. காகிதத்தில் இரண்டும் ஒரே '0.16 ஜி நிலநடுக்கம்'! முதலாவதை உயரமான கட்டடம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அதனால் உச்சத்தை விட்டுவிட்டு, நம் கட்டடத்தின் அலைவுக்காலத்தை (ஒரு தடவை ஆடி முடிக்கும் நேரம்) ஒட்டிய பகுதியில் பதிவின் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவுக்காலக் கட்டடத்தை எவ்வளவு உலுக்கும் என்று காட்டும் வரைபடம்) விதியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்துதான் ஸ்கேல் செய்ய வேண்டும். விரிசல் விட்டால் கட்டடம் தளர்ந்து, அலைவுக்காலம் நீளும். அதற்கும் இடம் விட வேண்டும். அந்தத் தளர்வையும் கணக்கில் எடுக்கும் ஆய்வுக்கு அமெரிக்க விதியான ஏ.எஸ்.சி.இ. 7-16 குறைந்தது 11 பதிவுகள் கேட்கிறது. எல் சென்ட்ரோ ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு 'டைம் ஹிஸ்டரி செய்தோம்' (பதிவை நொடிக்கு நொடி ஓட்டிப் பார்க்கும் ஆய்வு) என்று ரிப்போர்ட்டில் எழுதுவது, என்னைக் கேட்டால், வெறும் ஒப்புக்குச் சப்பாணி.

இன்னொன்று, சின்ன நிலநடுக்கத்தை ஆறால் பெருக்கினாலும் அது பெரிய நிலநடுக்கம் ஆகாது. ஆட்டம் பெருகும், நேரம் நீளாது.

"அப்போ பதினொண்ணும் ரன் பண்ணணுமா அண்ணே?" என்றார் தம்பி, பாவமாக. நேற்று வரை ஏழு தேறியிருக்கிறது. எட்டாவதுக்கு 6.2 என்று பெருக்கெண் வந்தது. தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன்.